சத்திரத்தில் சாய்தளம் இருந்த மத்தியானம்

நேற்று என் வீல்சேரின் முன் சக்கரத்தில் கருவேல முள் ஏறிவிட்டது. சைக்கிள் கடைக்காரர் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வண்டியைக் கவிழ்த்துப் போட்டு டியூபை உருவினார். வண்டி கையில் இல்லாத அந்த நேரம் எனக்கு எப்போதும் பயம். தண்ணீர் வேண்டுமென்றாலும் வெயில் மேலே வந்தாலும் யாரையாவது கூப்பிட வேண்டும். அப்போதுதான் அவர் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். அந்த வாசம் வந்ததும் நீ வந்துவிட்டாய், அக்கா.

மதுரை ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டிலில், மடியில் டியூபைப் போட்டுக்கொண்டு நீயே பஞ்சர் ஒட்டுவாய். வார்டு முழுக்க அந்த வாசம். நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவார். "இந்த வாடை அடிச்சா வண்டி ஓடப் போகுதுன்னு அர்த்தம் சிஸ்டர்" என்பாய். முதுகுத்தண்டு போய் வந்து படுத்திருக்கிற பெண்கள் அத்தனை பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அறையில், எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவள் நீ ஒருத்திதான்.

நீ பருத்தி மூட்டையோடு உன் வீட்டு மாடிப்படியில் சறுக்கியவள். நான் மிளகாய்ப் பழம் எடுக்கப் போன லோடு ஆட்டோ கவிழ்ந்ததில் அடிபட்டவள். உனக்கு வயக்காடும் ஆட்களும் உண்டு. எனக்கு உங்களைப் போன்றவர்கள் காட்டில் கூலி வேலை. ஆஸ்பத்திரிக்கு வெளியே என்றால் நாம் ஒரே வரப்பில் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டோம் என்று ஒருநாள் சொன்னேன். "இப்ப ரெண்டு பேருக்கும் வரப்புல போக ஏலாது. விடு" என்றாய்.

ஊருக்கு வந்த பிறகு எனக்கு வீடுதான். என்னைப் பெற்ற அய்யா உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். டிவியைக் கட்டிலுக்கு நேராகத் திருப்பி வைத்தார். ஜன்னலுக்குத் திரை போட்டார். "உனக்கு என்னத்தா குறை, எல்லாம் இங்கனக்குள்ளயே வருதுல்ல" என்பார். வாசலில் இரண்டே படிதான். அவற்றின் மேல் ஒரு பலகை போடச் சொன்னால் நாளைக்கு நாளைக்கு என்பார். அவர் பயந்தார். வெளியே போனால் இன்னொரு முறை விழுவேன் என்று நினைத்தார். அந்தப் பயத்தின் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. திரைச்சீலையில் இருந்த பூக்களை எண்ணிக்கொண்டு வருஷங்கள் போயின.

நீ தினமும் காலையில் போன் பண்ணுவாய்.

"இன்னைக்கு எங்கன போன?"

"எங்கன போறது? அடுப்படி வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"சரி, அடுப்படியில என்ன விசேஷம்?"

சிரித்துவிடுவேன். போனை வைத்ததும் அழுவேன். அது உனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்துதான் தினமும் கூப்பிட்டாய் என்று பிறகு உன் வீட்டுக்காரர் சொன்னார்.

அந்தப் பங்குனியில் ஒரு படத்தை அனுப்பினாய். கடற்கரைச் சாலையில் இருக்கும் பழைய சத்திரம். ராமேஸ்வரத்துக்கு நடந்து போன யாத்திரைக்காரர்கள் தங்குவதற்காக அந்தக் காலத்து ராஜாக்கள் கட்டியது. வௌவால் அடைந்து கிடந்ததைப் புதுப்பித்து, சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். திறப்பு விழாப் படத்தில், சிவப்புக் கம்பளம் விரித்த நீளமான சாய்தளத்தில் ஒரு பெரியவரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போனார்கள். சுவரில் வீல்சேர் படம் போட்ட நீலப் பலகை. படத்துக்குக் கீழே நீ குரல் பதிவு அனுப்பியிருந்தாய்: "நடந்து நடந்து கால் ஓஞ்சவுகளுக்குன்னு கட்டுனதாம். அப்ப நமக்குத்தான் கட்டியிருக்காக. கெளம்பு."

அய்யாவை எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விழா முடிந்த இரண்டாம் நாளே உன் வீட்டுக்காரர் மிளகாய் வத்தல் மூட்டைகளோடு ராமநாதபுரம் மார்க்கெட்டுக்குப் போகிற லோடு ஆட்டோவில், பலகை போட்டு நம் இரண்டு வண்டிகளையும் ஏற்றினார். தும்மிக்கொண்டே போனோம். சத்திர வாசலில் இறக்கிவிட்டு, "சாயங்காலம் வாரேன்" என்று அவர் போய்விட்டார்.

படத்தில் பார்த்ததைவிடச் சத்திரம் உயரம். மேடை என் தலைக்கு மேல் இருந்தது. படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். "ஓஞ்ச காலோட வந்தவுகளை இம்புட்டு உசரம் ஏறச் சொன்னது ஆருன்னு தெரியல" என்று நீ முனகினாய். ஆனால் படியை ஒட்டிச் சாய்தளம் இருந்தது. இரும்புச் சட்டத்தின் மேல் மரப் பலகை, அதன் மேல் அந்தச் சிவப்புக் கம்பளம். டிக்கெட் கொடுத்த காவலாளி அண்ணன் பின்னால் நின்று ஒரு கை கொடுத்தார். நாம் ஏறினோம்.

உள்ளே என்ன பார்த்தோம் என்று கேட்டால் எனக்குத் தூண்கள்தான் ஞாபகம் இருக்கிறது. கூடம் முழுக்கத் தூண்கள். அதைத் தாண்டினால் கடலைப் பார்த்த நீண்ட தாழ்வாரம். கல் தரை வழவழவென்று இருந்தது. சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது. பக்கத்தில் யாரும் பிடிக்காமல், யாரும் "பாத்து பாத்து" என்று சொல்லாமல் நான் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நீ ஒரு தூணோரம் வண்டியைக் கடல் பார்க்க நிறுத்தி, பிரேக் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாய். "காத்து வருது பாரு" என்றாய்.

திரும்பலாம் என்று முகப்புக்கு வந்தபோது சாய்தளம் இல்லை.

முதலில் நாம் வேறு பக்கமாக வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். கீழே மண்ணில் இரும்புச் சட்டம் அழுத்திய தடம் மட்டும் இருந்தது. காவலாளி அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"பந்தல்காரவுக வந்து ஏத்திட்டுப் போயிட்டாகத்தா. நான் பின்னாடி தண்ணி மோட்டார் போடப் போயிருந்தேன்."

"ஏத்திட்டுப் போயிட்டாகளா? அது சத்திரத்துது இல்லையா?" என்று நீ கேட்டாய்.

"இல்லத்தா. விழாவுக்குன்னு வாடகைக்கு எடுத்தது. பந்தலு, சேரு, அது, எல்லாம் அவுக சாமான்தான்."

நீலப் பலகை மட்டும் சத்திரத்துடையது.

அவர் தப்பானவர் இல்லை. உடனே யாருக்கோ போன் போட்டார். மறுமுனையில் இருந்தவர் சொன்னது நமக்கும் கேட்டது. ஆளைப் பிடித்துத் தூக்கி இறக்கிவிடு, இதற்கெல்லாம் எனக்குப் போன் பண்ணுவாயா என்றார். பந்தல்காரர் நம்பருக்கு அடித்தார், எடுக்கவில்லை. பிறகு பக்கத்துக் குப்பத்திலிருந்து நான்கு பேரைக் கூட்டி வந்தார். நல்ல பிள்ளைகள்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வந்தார்கள். ஒருவன் ஒன்றும் கேட்காமல் உன் கக்கத்துக்குள் கையைக் கொடுத்தான்.

"கையை எடு தம்பி" என்றாய். சத்தம் போடவில்லை. ஆனால் அவன் சுட்டதுபோல எடுத்துவிட்டான்.

"இறக்கித்தானக்கா விடப் போறோம்."

"தெரியும்ப்பா. என்னையத் தூக்க வேணாம். ஏறுன மாதிரியே எறங்கணும். அந்தப் பலகையைக் கொண்டாரச் சொல்லுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உனக்குத் திமிர் என்று ஒருவன் முணுமுணுத்தபடி இறங்கினான். அவர்களிடம் நீ சொல்லாததை நான் அறிவேன். முந்தின வருஷம் ஒரு கோபுர வாசலில் உன்னை நான்கு பேர் தூக்கினார்கள். அதில் ஒருவருக்குப் போன் வந்தது. கையை விட்டார். நீ சரிந்து விழுந்தாய். உனக்கு வலி தெரியாது. தொடை எலும்பு உடைந்திருந்தது, வீட்டுக்குப் போய்க் கால் வீங்கிய பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லும்போதும் நீ எலும்பைப் பற்றிப் பேச மாட்டாய். "தூக்குனவுக போயிருவாக. அந்தக் கை மட்டும் நம்ம மேலேயே கெடக்கும்" என்பாய். பெண்ணாகப் பிறந்து, இடுப்புக்குக் கீழே யார் எங்கே தொடுகிறார்கள் என்று தெரியாமல் தூக்கப்படுகிறவளுக்குத்தான் அது புரியும். எனக்குப் புரிந்தது.

புரிந்தும் நான் பயந்தேன். வெயில் தாழ்வாரத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. காலில் கட்டியிருந்த யூரின் பை நிறைந்துகொண்டே வந்தது. கழிப்பறை கீழே. கொண்டு வந்த தண்ணீரைக் குடிக்கப் பயந்து நாக்கு வறண்டது. வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் நம்மைப் பார்த்து நின்றது. அந்த அம்மா மனசாரத்தான் கேட்டார், நாங்கள் தூக்குகிறோமே என்று. நீ வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாய். அவர் முகம் வாடிவிட்டது. அவர் மகள் போனில் வீடியோ எடுத்தாள். தூண், கடல், அடுத்து நாம். அந்த வீடியோவில் நாமும் சத்திரத்தோடு சேர்ந்த ஏதோ பழைய சாமான் மாதிரி இருந்திருப்போம்.

அவ்வளவு பெரிய கூடம். நான்கு பக்கமும் காற்று. ஒரு கதவுகூடச் சாத்தியிருக்கவில்லை. ஆனால் என் வீட்டு அறையில் எனக்கு மூச்சு முட்டியதைவிட அங்கே முட்டியது. வீட்டில் அடைபட்டிருந்தது எனக்குப் பழகியிருந்தது. இங்கே இப்போதுதான் ஓடிப் பார்த்திருந்தேன்.

"அக்கா, பை நெறஞ்சிருச்சு" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "அந்தப் பயலுகளைக் கூப்பிடச் சொல்லு. நீ மொதல்ல போ" என்றாய்.

உன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"வேணாம். நான் உக்காந்தே எறங்குறேன்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் மெத்தை போட்ட இரண்டு படிகளில் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அடிபட்டது கீழ்முதுகில், வயிறும் கையும் நல்ல பலம். உனக்கு அடி மேலே. நிமிர்ந்து உட்காரவே வண்டியில் பெல்ட் வேண்டும். அதனால் அது என்னால் மட்டும்தான் முடியும். துப்பட்டாவை மடித்துக் கல்லில் போட்டேன். வண்டியிலிருந்து தரைக்கு இறங்கினேன். கல் சுடுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் பயம். கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படிக்கு இறக்கி, காலை இழுத்து வைத்து, திரும்பக் கையை ஊன்றி. காவலாளி அண்ணன் கிட்டே வந்து என்ன செய்வதென்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, வண்டியைத் தூக்கிட்டு வாங்க. அதைத் தூக்கலாம்" என்றேன்.

மேலிருந்து உன் குரல் வந்துகொண்டே இருந்தது. "அவசரப்படாத. கையை நல்லா ஊனு. கால் மடங்குது பாரு, நேரா வையி. ஆங், அப்படித்தான்."

கீழே வந்து வண்டியில் ஏறி, மறைவில் பையைக் காலி செய்துவிட்டு, பந்தல்காரர் கடை எங்கே என்று காவலாளி அண்ணனிடம் கேட்டேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் என்றார். நானே போகிறேன் என்றேன். அவர் சத்திரத்தைப் பூட்டாமல் விட்டுவிட்டு வர முடியாது. பூட்டினால் நீ உள்ளே.

அந்தச் சாலையை எப்படி மறப்பேன் அக்கா. பாதிச் சாலையைக் கடல் மணல் மூடியிருந்தது. சக்கரம் புதையும், பின்னால் உருட்டி எடுத்து மறுபடி தள்ளுவேன். உள்ளங்கை தோல் உரிந்தது. அடிபட்ட பிறகு ஒரு சாலையில் நான் தனியாகப் போனது அதுதான் முதல் முறை. எதிரே பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, "ஆரு கூட வந்தீக?" என்று கேட்டார். "அக்கா கூட" என்றேன். அவர் என் பின்னால் யாரையோ தேடினார்.

பந்தல்காரர் மினி லாரியில் சாமான் ஏற்றி முடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சாய்தளம் அடியில் கிடந்தது. அதன் மேல் நாற்காலிகள், அடுக்கடுக்காக.

"அய்யய்யோ, உள்ள ஆள் இருக்குன்னு ஆருமே சொல்லலத்தா. இப்ப எப்படி எறக்குறது? தங்கச்சிமடத்துல கல்யாணம். பொழுது சாயுறதுக்குள்ள போட்டாகணும். தூக்கி விட்ரச் சொல்லுத்தா."

விளக்கிச் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. நான் வண்டியை உருட்டிக்கொண்டு போய் அவர் லாரிக்கு நேர் முன்னால் நிறுத்திப் பிரேக்கைப் போட்டேன்.

"என்னத்தா பண்ற?"

"அவுக அங்கன மாட்டிக்கிட்டு இருக்காக அண்ணே. அவுக எறங்குற வரைக்கும் நாம ரெண்டு பேரும் இங்கன இருப்போம்."

அவர் இடுப்பில் கை வைத்து நின்றார். தெருவில் ஆட்கள் பார்த்தார்கள். பிறகு கயிற்றை அவிழ்த்தார்.

சாய்தளத்தோடு நாங்கள் திரும்பி வந்தபோது நீ விட்ட இடத்திலேயே இருந்தாய். படியைப் பார்த்தபடி, பெல்ட்டில் சாய்ந்து, முகம் சாம்பல் நிறமாக. சட்டத்தை வைத்துப் பலகையைப் போட்டார்கள். கம்பளத்தைத் தேடவில்லை. நீ இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாய். காவலாளி அண்ணன் பின்னால் பிடித்தார், வண்டியை மட்டும். நீ இறங்கி வந்தாய். பந்தல்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தரையைத் தொட்டதும், "நல்ல காத்துல்ல?" என்று என்னிடம் கேட்டாய்.

உன் இடுப்பில் அப்போதே சின்னதாக ஒரு புண் இருந்ததை நீ யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நம்மைப் போன்றவர்கள் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கி அழுத்தம் விட வேண்டும். உன்னால் தனியாக முடியாது. கூட இருக்கும்போது நான்தான் உன் வண்டியைப் பின்னால் சாய்த்துப் பிடிப்பேன். நான் பந்தல்காரரைத் தேடிப் போன நேரம் முழுக்க நீ அசையாமல் உட்கார்ந்திருந்தாய்.

புண் ஆழமானது. எலும்பு வரை போனது. மழைக்காலத்தில் மறுபடி மதுரை ஆஸ்பத்திரி. ஒருக்களித்துப் படுத்திருந்த உன்னிடம் நான் கேட்டேன், அன்றைக்கு அங்கே அசையாமல் உட்கார்ந்ததால்தானே இது என்று.

"அது முந்தியே இருந்துச்சு" என்றாய். கொஞ்சம் கழித்து, "சத்திரத்து மேல பழியைப் போடாத. அது பாவம், வாடகைக்கு இருக்கு" என்று சிரிக்கப் பார்த்தாய். இருமல் வந்துவிட்டது. அதன் பிறகு காய்ச்சல் இறங்கவே இல்லை.

துக்க வீட்டில் உன் வீட்டுக்காரர் என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். கோபமே இல்லாமல் கேட்டார்: "அன்னைக்குத் தூக்கி எறக்கியிருக்கலாம்ல தாயி?"

தூக்கியிருந்தால் நீ இருந்திருப்பாயா, இல்லை அன்றைக்கே இன்னொரு எலும்பு உடைந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. நீ பிடிவாதக்காரி என்று அவர் சொன்னார். ஆமாம் என்றேன். அவர் அழுதார். அந்தக் கேள்விக்குள் நானும் அவரும் இன்னும்தான் இருக்கிறோம். வெளியே வர வழி தெரியவில்லை.

நீ போன பிறகு அய்யா வாசலில் சிமெண்டுச் சரிவு போட்டுக் கொடுத்தார். தானே கலவை குழைத்தார். நான் கேட்கவில்லை. "போயிட்டு இருட்டுறதுக்குள்ள வந்துரு" என்பார், அவ்வளவுதான்.

போன மாதம் சத்திரத்துக்குப் போனேன். இப்போது அங்கே சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். சிமெண்டுதான், கைப்பிடியும் உண்டு. ஆனால் அதன் மேல் முனையில் ஒரு இரும்பு கேட், கேட்டில் பூட்டு. ஆடு ஏறுகிறதாம், பையன்கள் பைக் ஏற்றுகிறார்களாம். காவலாளி புதியவர். சாவியைத் தேடி எடுத்து வந்து திறந்துவிட்டு, நான் ஏறியதும் பழக்கத்தில் திரும்பப் பூட்டினார்.

மேலே தாழ்வாரத்துக்குப் போனேன். நீ நின்ற தூணோரம் நிறுத்தினேன். காற்று அப்படியே இருந்தது. ஆனால் என்னால் கடலைப் பார்க்க முடியவில்லை அக்கா. வண்டி தானாகத் திரும்பிக்கொண்டது. கடலுக்கு முதுகைக் காட்டி, கூடத்தின் தூண்களுக்கு நடுவே தெரிந்த அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாண மண்டபம், பேங்க், எங்கே போனாலும் இப்போது இப்படித்தான். வந்த வழி கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துத்தான் நிறுத்துகிறேன்.

கடைசியில் காவலாளியைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அந்தச் சாவியைக் கொடுங்க. நான் போற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

"தொறக்கணும்னா ஒரு சத்தம் குடுங்கத்தா, நான் வந்து தொறக்குறேன்."

"நீங்க மோட்டார் போடப் போயிருவீக."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கொடுத்தார். நான் அதைக் கைக்குள் மூடிக்கொண்டு, வண்டியைக் கடல் பக்கம் திருப்பினேன்.